தோற்ற வழக்குக்கு அப்பீல்: கோர்ட் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. மதுரையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குமாஸ்தா. வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் டீக்கடையில் என்னிடம் கேட்பார்கள். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இது பொதுவான விவரம். உங்கள் வழக்குக் கட்டை, அதாவது கேஸ் ஃபைலைப் படித்துப் பார்த்த வக்கீல் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேஸ் தோற்றுப்போச்சு. இன்றைக்கே செய்ய வேண்டியது என்ன?

நகல் மனு போடுங்கள். வக்கீலைத் திட்டுவது, சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவது எல்லாம் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். தீர்ப்புக்கு ஒரு சான்றிட்ட நகல், தீர்ப்பாணைக்கு ஒரு சான்றிட்ட நகல் என்று இரண்டும் கேட்டு, தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே மனு கொடுக்க வேண்டும். நீதிபதி காரணங்களோடு எழுதியது தீர்ப்பு. யாருக்கு என்ன, செலவுத்தொகை எவ்வளவு என்று முடிவை மட்டும் எழுதிய தாள் தீர்ப்பாணை. சிவில் வழக்கில் அப்பீல் என்பது சட்டப்படி தீர்ப்பாணையை எதிர்த்துத்தான்.

இ-கோர்ட்ஸ் செயலியில் தீர்ப்பு வந்துவிட்டதே, அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். வக்கீலுக்குப் படித்துப் பார்க்க அது போதும். தாக்கல் செய்யச் சான்றிட்ட நகல் வேண்டும்.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

சிவில் வழக்கென்றால், சப் கோர்ட்டுக்கோ மாவட்டக் கோர்ட்டுக்கோ போகிற அப்பீலுக்கு 30 நாள். ஐகோர்ட்டுக்குப் போகிற அப்பீலுக்கு 90 நாள். கிரிமினலில் தண்டனை பெற்றவர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக 30 நாள், ஐகோர்ட்டுக்குப் போக 60 நாள், தூக்குத் தண்டனை என்றால் 30 நாள். இவை 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தில் உள்ள கணக்கு. குடும்பநலக் கோர்ட், நுகர்வோர் ஆணையம், வாகன விபத்து இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கணக்கு உண்டு, கீழே சொல்கிறேன்.

நகல் கிடைக்கவே ஒரு மாசம் ஆகிறதே. அந்த 30 நாள் அதிலேயே போய்விடாதா?

போகாது. ஆனால் இந்தக் கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு கெட்டவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு முத்திரையும் அதில் வரிசையாகத் தேதிகளும் இருக்கும். மனு கொடுத்த நாள், நகலுக்கான ஸ்டாம்பு கேட்ட நாள், ஸ்டாம்பு கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் வாங்கிய நாள். பேனாவால் கிறுக்கியிருப்பார்கள், சில சமயம் பூதக்கண்ணாடி வேண்டும். கட்சிக்காரர் இருபது பக்கத் தீர்ப்பை வரிவரியாகப் படித்திருப்பார், இந்த மூன்று அங்குல முத்திரையை மட்டும் பார்த்திருக்க மாட்டார். நான் எந்தத் தீர்ப்பு வந்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒரு உதாரணம். தீர்ப்பு மார்ச் 3. அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, மறுநாளில் இருந்து எண்ண வேண்டும். 30 நாள் ஏப்ரல் 2-ல் முடிகிறது. நீங்கள் மார்ச் 10-ல் நகல் மனு கொடுத்தீர்கள், மார்ச் 28-ல் நகல் தயாரானது. அந்த 19 நாளைச் சட்டம் உங்களுக்குக் கழித்துக் கொடுக்கிறது. ஆக, கடைசி நாள் ஏப்ரல் 21.

இதில் மூன்று இடத்தில் ஆட்கள் வழுக்குகிறார்கள். மார்ச் 28-ல் தயாரான நகலை, சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று மெதுவாகப் போய் வாங்கினால், அந்தத் தாமத நாட்கள் கழியாது. தயாரான நாளோடு கழிவு முடிந்தது. அடுத்து, ஸ்டாம்பு கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள், அதைப் பார்க்காமல் பத்து நாள் கழித்துக் கட்டினால் அந்தப் பத்து நாளும் உங்கள் கணக்கில்தான் ஏறும். மூன்றாவது, 30 நாளும் முடிந்த பிறகு நகல் மனு போட்டால் கழிக்க எதுவுமே இல்லை.

கடைசி நாள் கோர்ட் விடுமுறையில் விழுந்தால் கவலை வேண்டாம். திறக்கிற முதல் நாளில் தாக்கல் செய்யலாம். மே மாத விடுமுறையில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் திறந்த மறுநாள் போனால் ஒரு நாள் தாமதம்தான், பாவம் பார்க்க மாட்டார்கள்.

நாள் கடந்துவிட்டது. கதவு அடைத்துவிட்டதா?

அடைக்கவில்லை, ஆனால் தட்டித்தான் திறக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கோரி, காலவரையறைச் சட்டம் 5-ஆவது பிரிவில் ஒரு மனு, அதோடு காரணத்தைச் சொல்லி ஒரு பிரமாண வாக்குமூலம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், அவர்கள் பதில் சொன்ன பிறகுதான் மனு முடிவாகும். அது முடிகிற வரைக்கும் அப்பீலுக்கு நம்பரே கிடைக்காது. அதைவிட முக்கியம், அப்பீலை விசாரிப்பது என்று கோர்ட் முடிவு செய்கிற வரைக்கும் தீர்ப்பை நிறைவேற்றத் தடை கொடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தாமதத்தின் உண்மையான விலை அதுதான்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சப்பையில் தீர்ப்பு நகல், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து. "மருமகன் சிங்கப்பூர்ல இருந்து வரட்டும்னு இருந்தேன் தம்பி" என்றார். 400 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. எங்களிடம் வருவதற்கு முன் அவர் போய்ப் பார்த்த யாரோ ஒருவர் வாக்குமூலத்தில் மஞ்சள் காமாலை என்று எழுதித் தயாராக வைத்திருந்தார். நம் ஊர்க் கோர்ட்டுகளில் தாமத மனு போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மஞ்சள் காமாலைதான். எதிர்த்தரப்பு வக்கீல், "எந்த ஆஸ்பத்திரி, சீட்டு எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. எங்கள் சீனியர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மருமகனுக்காகக் காத்திருந்ததையும், படிப்பில்லாததையும், நடுவில் மனைவி இறந்ததையும் அப்படியே எழுதச் சொன்னார். இறப்புச் சான்றிதழ் வைத்தோம். செலவுத்தொகை கட்டச் சொல்லித் தாமதத்தை மன்னித்தார்கள். உண்மைக் காரணம் சாதாரணமாக இருந்தாலும் அதையே சொல்லுங்கள்.

ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் காட்ட வேண்டும் என்பதை ரொம்ப இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அப்படியென்றால் ஏன் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் கேட்கக் கூடாது என்று 1987-ல் காட்டிஜி வழக்கில் உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் தாமதம் வெறும் 4 நாள். நானூறு நாளைக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

எந்தக் கோர்ட்டில் போட வேண்டும்? நேராக ஒத்தக்கடைக்குப் போய்விடலாமா?

ஒத்தக்கடை என்றால் ஐகோர்ட் மதுரைக் கிளை. யானைமலை பக்கம், மேலூர் ரோட்டில் இருக்கிறது. 2004 ஜூலை 24-ல் திறந்தார்கள். அதற்கு முன் அப்பீல் கட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, கரூர், தஞ்சாவூர் வரைக்கும் தென்மாவட்ட வழக்குகள் இப்போது இங்கேதான் வருகின்றன. வழக்கு எண்ணோடு 'எம்.டி.' என்று அடைப்புக்குறியில் இருந்தால் அது மதுரைக் கிளை வழக்கு.

ஆனால் எல்லா அப்பீலும் அங்கே போகாது. முன்சீப் கோர்ட் தீர்ப்பென்றால் பெரும்பாலும் சப் கோர்ட்டுக்குத்தான் முதல் அப்பீல். சப் கோர்ட் தீர்ப்பென்றால் வழக்கின் மதிப்பைப் பொறுத்து மாவட்டக் கோர்ட்டுக்கோ ஐகோர்ட்டுக்கோ போகும். மாவட்டக் கோர்ட்டே முதலில் விசாரித்த வழக்கென்றால் ஐகோர்ட் கிளை. இங்கே மதிப்பு என்பது பிராதில், அதாவது வழக்குத் தொடுத்த மனுவில் போட்ட மதிப்பு. "இன்றைக்கு அந்த இடம் சென்ட் என்ன விலை தெரியுமா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை.

கிரிமினலில் மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட், செஷன்ஸ் நீதிபதி தண்டித்தால் ஐகோர்ட்.

அப்பீல் போட்டுவிட்டேன். இனி தீர்ப்பை நிறைவேற்ற முடியாதுதானே?

முடியும். இந்த ஒரு விஷயத்தில் நான் பார்த்த அளவுக்கு ஏமாந்தவர்கள் வேறெதிலும் இல்லை. அப்பீல் தாக்கல் செய்தாலே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடாது. தடையாணை என்று தனியாக மனுப் போட்டு, தனியாக உத்தரவு வாங்க வேண்டும்.

கடை காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பான ஒருவர். அப்பீல் நம்பர் ஆகிவிட்டது, அடுத்த வாய்தா இரண்டு மாதம் கழித்து. நிம்மதியாகச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை பத்தரை மணிக்கு கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற அமீனா வாசலில் வந்து நின்றார், கூடவே பூட்டு உடைக்க ஆள். இவர் அப்பீல் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினார். அமீனா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்டே இருக்கா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். இல்லை. மதியத்துக்குள் மூட்டைகள் எல்லாம் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டன.

தடை கேட்கும்போது மூன்று விஷயம் காட்ட வேண்டும். தடை இல்லாவிட்டால் எனக்குக் கணிசமான நஷ்டம், நான் தாமதிக்காமல் வந்திருக்கிறேன், கடைசியில் தோற்றாலும் தீர்ப்பின்படி நடக்க ஈடு தருகிறேன். பணம் கொடுக்கச் சொன்ன தீர்ப்பென்றால் ஒரு பகுதியைக் கோர்ட்டில் கட்டு என்று நிபந்தனை போடுவது வழக்கம். நிபந்தனைத் தேதியைத் தவறவிட்டால் தடையும் போய்விடும், அதனால் அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

அப்பீல் போட இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் எதிராளி நிறைவேற்ற அவசரப்படுகிறார் என்றால், தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே குறுகிய காலத் தடை கேட்கலாம்.

அப்பீலில் மறுபடியும் சாட்சி விசாரிப்பார்களா? இப்போதுதான் ஒரு பத்திரம் கிடைத்தது.

முதல் அப்பீலில் நீதிபதி வழக்கை முழுதாகத் திரும்பப் பார்க்கலாம். சாட்சியம், ஆவணம், சட்டம் எல்லாமே. ஆனால் ஏற்கனவே கட்டில் உள்ளதை வைத்துத்தான் பார்ப்பார். கீழ்க்கோர்ட்டில் சாட்சி சொன்னவரை அங்கே மறுபடி கூண்டில் ஏற்றுவதில்லை.

புது ஆவணத்தைச் சேர்க்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் 41-ஆவது கட்டளை 27-ஆவது விதியில் வழி இருக்கிறது, சந்து மாதிரி ஒடுக்கமான வழி. கீழ்க்கோர்ட் வாங்க மறுத்திருக்க வேண்டும், அல்லது எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்காமல் இருந்திருக்க வேண்டும், அல்லது தீர்ப்புச் சொல்ல இது தேவை என்று கோர்ட்டுக்கே தோன்ற வேண்டும். பரண் மேல் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் கிரயப் பத்திரம் கிடந்தது, இப்போதுதான் பார்த்தேன் என்றால், "ஆறு வருடம் கேஸ் நடந்தபோது பரணில் ஏறவில்லையா?" என்றுதான் கேட்பார்கள். சார் பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுக்கக்கூடிய பத்திரம் என்றால் இன்னும் கஷ்டம்.

அதனால் அப்பீலின் பலம் கீழ்க்கோர்ட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை எந்தப் பெரிய வக்கீலாலும் ஒத்தக்கடையில் கேட்க முடியாது.

வக்கீல் எழுதுகிற அப்பீல் மனுவில் என்ன இருக்க வேண்டும்?

தீர்ப்பு எங்கே தப்பு என்பது, புள்ளி புள்ளியாக. 'தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது' என்று எல்லா மனுவிலும் முதல் வரி இருக்கும், அதனால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. 'வாதியின் இரண்டாவது சாட்சி குறுக்கு விசாரணையில், பாதை 20 வருடமாகப் புழக்கத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டதை நீதிபதி பார்க்கவே இல்லை' என்று இருந்தால் அதற்குப் பெயர் காரணம். மனுவைப் படித்துப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயர், சாட்சி பெயர், ஆவண எண் எதுவுமே இல்லாமல் இருந்தால் வக்கீலிடம் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

தாக்கல் செய்த பிறகு குறை சொல்லிக் கட்டு திரும்பி வரும். அதை நாங்கள் ரிட்டர்ன் என்போம். பக்கம் சரியில்லை, கட்டணம் குறைவு, கையெழுத்து விட்டுப்போச்சு, இப்படி. அதைச் சரிசெய்து திருப்பிக் கொடுக்கவும் நாள் கணக்கு உண்டு. மாதக்கணக்கில் கிடந்தால் அதற்கும் ஒரு தாமத மனு. 'போட்டாச்சு' என்று வக்கீல் அலுவலகத்தில் சொன்னால், 'நம்பர் ஆச்சா?' என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். என் மாதிரி ஆட்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. ஆனாலும் கேளுங்கள்.

சம்மனே வராமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது. அதுக்கும் அப்பீல்தானா?

அப்பீலும் போடலாம். ஆனால் பொதுவாக முதலில் பார்க்க வேண்டியது, அதே கோர்ட்டில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு. 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை, அதாவது உங்களிடம் வந்து சேரவில்லை என்றால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அது ஜெயித்தால் வழக்கு நீங்கள் இருந்த இடத்திலிருந்து மறுபடி நடக்கும், உங்கள் சாட்சியையும் விசாரிக்கலாம். அப்பீலில் அது கிடைக்காது.

தீர்ப்பில் சர்வே நம்பரைத் தப்பாக அடித்துவிட்டார்கள்.

இதற்கு அப்பீல் தேவையில்லை. எழுத்துப்பிழை, கூட்டல் பிழை எல்லாவற்றையும் அதே கோர்ட்டில் திருத்த மனுப் போட்டு எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். பார்த்தவுடன் தெரிகிற பெரிய தவறு என்றால் மறுஆய்வு மனு, அதற்கு 30 நாள். அதே நீதிபதியிடம் 'நீங்கள் எழுதியது தப்பு' என்று சொல்கிற வேலை அது. அபூர்வமாகத்தான் பலிக்கும்.

முதல் அப்பீலிலும் தோற்றால்?

ஐகோர்ட்டுக்கு இரண்டாவது அப்பீல் உண்டு. ஆனால் அங்கே முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். சுவரை 1998-ல் கட்டினார்களா 2004-ல் கட்டினார்களா என்பது சங்கதி. அதைக் கீழே இரண்டு கோர்ட்டும் பார்த்து முடித்தாயிற்று. பதிவு செய்யாத கூர்ச்சீட்டை (பாகம் பிரித்த சீட்டு)ச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது சரியா என்பது சட்டக் கேள்வி. இப்படி ஒரு கேள்வி உங்கள் வழக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே வக்கீலிடம் கேளுங்கள். இல்லையென்றால் அட்மிஷன் கட்டத்திலேயே தள்ளுபடி ஆகிவிடும். 25,000 ரூபாய்க்கு மேற்படாத பணவசூல் வழக்கென்றால் இரண்டாவது அப்பீலே கிடையாது.

மகனுக்கு ஜெயில் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அப்பீல் முடிகிற வரைக்கும் உள்ளேதான் இருக்க வேண்டுமா?

அவசியமில்லை. ஏற்கனவே ஜாமீனில் இருந்தவருக்கு 3 வருடத்துக்கு மேற்படாத தண்டனை என்றால், அப்பீல் போடப் போகிறேன் என்று சொல்லி, தண்டித்த கோர்ட்டிலேயே அன்றைக்கே தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கலாம். தீர்ப்பு நாளில் ஜாமீன்தாரர்களோடு, அவர்களுடைய ஆவணங்களோடு போங்கள். இது முன்னமே தெரியாமல், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜாமீன்தாரரைத் தேடி ஆட்டோவில் அலைந்த அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு மேற்பட்ட தண்டனை என்றால் அப்பீல் கோர்ட்டில் தண்டனை நிறுத்திவைப்பு மனுப் போட வேண்டும். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் உடனே இலவசமாகக் கிடைக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். சிறையில் இருப்பவர் அங்கிருந்தே சிறை அதிகாரி மூலம் அப்பீல் மனுவை அனுப்பலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்பதால் அப்பீல் நின்றுபோக வேண்டியதில்லை.

ஒன்று கவனம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினால், பெரும்பாலும் தண்டனையின் அளவைப் பற்றி மட்டும்தான் அப்பீலில் பேச முடியும். "ஒப்புக்கிட்டா ஃபைனோட போயிடும்ணே" என்று யாராவது சொன்னால் கையெழுத்துக்கு முன் யோசியுங்கள்.

செக் கேஸில் தண்டனை. அப்பீலுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்களே?

ஆமாம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 148-ஆவது பிரிவு. அபராதம் அல்லது நஷ்டஈட்டில் குறைந்தது 20 சதவீதத்தை அப்பீல் கோர்ட் கட்டச் சொல்லலாம். 5 லட்சம் என்றால் 1 லட்சம். 60 நாள் அவகாசம், காரணம் காட்டினால் மேலும் 30 நாள். விதிவிலக்கான நிலைமை என்றால் தளர்த்தவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதைக் காட்ட வேண்டியது நீங்கள்.

எங்களை அடித்தவனை விடுதலை செய்துவிட்டார்கள். போலீஸ் அப்பீல் போடமாட்டேன் என்கிறது.

பாதிக்கப்பட்டவரே அப்பீல் போடலாம். விடுதலை செய்தாலும், சின்னக் குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலும், நஷ்டஈடு குறைவாகக் கொடுத்தாலும் அந்த உரிமை உண்டு. தண்டனைக் காலம் குறைவு என்பதற்கு மட்டும் அரசுதான் போக வேண்டும். 2024 ஜூலை 1-லிருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறின, இந்த உரிமை அப்படியேதான் இருக்கிறது.

விபத்து, விவாகரத்து, நுகர்வோர் வழக்குகளுக்கு?

வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்கு ஐகோர்ட்டில் 90 நாள். குடும்பநலக் கோர்ட் உத்தரவுக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்வது பத்திரம். சேர்ந்து சம்மதித்து வாங்கிய விவாகரத்துக்கு அப்பீல் இல்லை. ஒருதரப்பாக வாங்கிய விவாகரத்து என்றால், அப்பீல் காலம் முடிகிற வரைக்கும் மண்டபம் புக் பண்ண வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுக்கு மாநில ஆணையத்தில் 45 நாள். பணம் கொடுக்க வேண்டியவர் அப்பீல் போனால் பாதித் தொகையைக் கட்ட வேண்டும்.

தாசில்தார் பட்டா மாற்றிவிட்டார் என்பதை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அதற்கு முதலில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அப்புறம் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. சொத்து யாருக்கு என்ற கேள்விக்குச் சிவில் கோர்ட்தான்.

லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்போது மனசு மாறிவிட்டது.

அப்பீல் இல்லை. லோக் அதாலத் முடிவு இறுதியானது. கையெழுத்துக்கு முன் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

வக்கீல் பீஸை நான் சொல்வது நாகரிகமில்லை. கோர்ட் கட்டணத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கு முன்பு 7.5 சதவீதமாக இருந்ததை 2017-ல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்பீலுக்கும் அதே வீதம்தான், நீங்கள் எதிர்க்கிற தொகைக்கு மட்டும். 6 லட்சம் கொடுக்கத் தீர்ப்பாகி, 2 லட்சம் கொடுக்க வேண்டியது உண்மைதான், மீதி 4 லட்சத்தைத்தான் எதிர்க்கிறேன் என்றால், 4 லட்சத்துக்கு 12,000 ரூபாய்.

கட்ட வழியே இல்லாதவர் வறியவராக அப்பீல் போட அனுமதி கேட்கலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். ஐகோர்ட் கிளைக்கும் தனியாகச் சட்டப் பணிகள் குழு உண்டு. இலவச வக்கீல் என்றால் இளப்பமாகப் பார்க்கிறார்கள். அதில் நன்றாகப் படித்துவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பீலுக்கு வக்கீலை மாற்றலாமா?

தாராளமாக. அப்பீலுக்குப் புது வக்காலத்து வேண்டும், அதில் யார் பெயரை எழுதுவது என்பது உங்கள் விருப்பம். பழைய வக்கீலிடம் சண்டை போடாமல் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வழக்கை அவரைவிட யாருக்கும் தெரியாது, நாளைக்கு ஒரு சந்தேகம் என்றால் போன் போட வேண்டியிருக்கும்.

நாங்கள் ஜெயித்தவர்கள். எங்களுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?

கேவியட் என்கிற முன்னெச்சரிக்கை மனு போடுங்கள். அப்பீல் எந்தக் கோர்ட்டுக்குப் போகுமோ அங்கே. உங்களைக் கேட்காமல் எதிராளிக்குத் தடை கொடுக்க மாட்டார்கள். 90 நாள் வரைக்கும் செல்லும், பிறகு புதிதாகப் போட வேண்டும். தீர்ப்பில் பாதிதான் உங்களுக்குச் சாதகம் என்றால், எதிராளியின் அப்பீல் நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள், மீதிப் பாதிக்காக அதே அப்பீலில் எதிர் ஆட்சேபணை தாக்கல் செய்யலாம்.

அப்பீல் நடக்கும்போது அப்பா இறந்துவிட்டார்.

90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். விட்டால் அவரைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப்போகும். அதை நீக்க அடுத்த 60 நாளில் இன்னொரு மனு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வக்கீல் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எதிர்த்தரப்பில் யாராவது இறந்தாலும் இதே கதைதான், அதனால் ஊரில் என்ன நடக்கிறது என்று காதில் போட்டுக்கொண்டே இருங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? வாய்தாவுக்கெல்லாம் வர வேண்டுமா?

நாள் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். சிவில் அப்பீலில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் வர வேண்டியதில்லை, வக்கீல் நின்றால் போதும். அவரும் நிற்காவிட்டால் தள்ளுபடி ஆகும். 30 நாளுக்குள் மனுப் போட்டு மீட்கலாம். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்தால், அடுத்த தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். எங்களுக்கும் போன் தொல்லை குறையும்.

ஐகோர்ட்டிலும் தோற்றால் டெல்லிதானா?

உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. 90 நாள். அது உரிமை இல்லை, அனுமதி. பெரும்பாலானவை ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வரப்புத் தகராறுக்காக டெல்லி வரைக்கும் போய், வரப்பின் விலையைப் போல் பல மடங்கு செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் இன்னும் அந்த வரப்பைக் காட்டிக் கதை சொல்வார், பெருமையாகத்தான்.

அப்பீலுக்காக வக்கீலைப் பார்க்க வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

தீர்ப்பு, தீர்ப்பாணை நகல்கள். நகல் இன்னும் வரவில்லை என்றால் நகல் மனு கொடுத்த எண்ணும் தேதியும். பிராது, எதிருரை, சாட்சிகளின் வாக்குமூல நகல்கள், குறியீடு செய்த ஆவணங்களின் நகல்கள். ஆதார் ஜெராக்ஸ். கூட்டுச் சொத்து என்றால் கையெழுத்துப் போட வேண்டிய எல்லோரும். அண்ணன் வரமாட்டார், அக்கா சென்னையில் இருக்கிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், பகலில் எல்லோரும் கோர்ட்டில் இருப்போம்.